போலிதானேன்னு விட்டுட முடியுமா?

டிஸ்கி: இது லினக்ஸ் கெர்னல் சமாச்சாரம். "ஐயோ, ஆணி புடுங்குற பதிவா"ன்னு உடனே ஓடிடாதீங்க. அடுக்களை, சாக்பீஸ், பாசஞ்சர் ரயில் எல்லாம் வருது. நடுவுல கொஞ்சம் கடிக்கும், பொறுத்துக்கங்க :-)

லினக்ஸ் கெர்னலுக்குள்ள ஒரு வசதி இருக்கு. பேரே போலி. பூட் ஆகும்போது கெர்னலுக்குக் கொடுக்கிற கட்டளை வரியில "நூமா=ஃபேக்=4"ன்னு சேர்த்துவிட்டா போதும். உங்க கணினியில இருக்கிற ஒரே மெமரியை நாலாப் பிரிச்சு, "இங்கே நாலு மெமரி நோடு இருக்கு"ன்னு கெர்னல் தனக்குத்தானே சொல்லிக்கும், நம்பவும் செய்யும். பூட் ஆகும்போது ஓடுற செய்திகள்லயே "ஃபேக்கிங் நோடு 0"ன்னு ஒளிவுமறைவு இல்லாம எழுதிட்டுதான் இந்த வேலையைச் செய்யும்.

இந்த வசதியைக் கெர்னல்ல சேர்க்கணுமா வேணாமான்னு கேட்கிற இடத்துல ஒரு உதவிக் குறிப்பு உண்டு. அதோட கடைசி வரி என்ன சொல்லுதுன்னா, இது பிழை தேடுறதுக்கு மட்டும்தான் பிரயோஜனப்படும். அந்த "மட்டும்தான்" மேலதான் எனக்குக் கடுப்பு. ஏன்னு சொல்றேன்.

முதல்ல நூமான்னா என்னன்னு பார்த்துடலாம். பெரிய சர்வர்கள்ல ரெண்டு ப்ராசஸர் சாக்கெட் இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துலயே தனி மெமரி. ஒரு பெரிய வீட்டுல அண்ணனுக்கு ஒரு அடுக்களை, தம்பிக்கு ஒரு அடுக்களைன்னு வெச்சுக்கங்க. அண்ணி தன் அடுக்களையில உப்பு எடுத்தா கை நீட்டினா போதும். தம்பி அடுக்களையில இருந்து எடுக்கணும்னா முற்றத்தைத் தாண்டிப் போகணும். உப்பு கிடைக்கும், நேரம் ஆகும், அவ்வளவுதான். 2003-ல ஏஎம்டி ஆப்டெரான் வந்தப்போ மெமரி கன்ட்ரோலரை ப்ராசஸருக்குள்ளயே வெச்சாங்க. 2008-ல இன்டெல் நெஹாலம் அதே வழிக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் ரெண்டு சாக்கெட் சர்வர்னாலே நூமாதான். ஒவ்வொரு அடுக்களைக்கும் கெர்னல் வெச்ச பேர் நோடு. நோடுகளுக்கு நடுவுல இருக்கிற தூரத்தையும் எண்ணாக் குறிச்சு வெச்சுக்கும். சொந்த அடுக்களைன்னா 10. அடுத்ததுக்கு ஃபர்ம்வேர் வேற எண் எதுவும் சொல்லலைன்னா 20.

போலி நூமாங்கிறது, ஒரே அடுக்களை இருக்கிற வீட்டுல தரையில சாக்பீஸால கோடு போட்டு "இந்தப் பக்கம் உன்னோடது, அந்தப் பக்கம் என்னோடது"ன்னு பிரிக்கிற வேலை. (இது நிஜமாவே நடக்கிற வீடுகளும் உண்டு, அந்தக் கதை இன்னொரு நாள்.)

இதனால என்ன லாபம்? நூமா கோடுல பாதி வேகத்தைப் பத்தினது இல்லைங்க, கணக்கைப் பத்தினது. எந்த நோடுல எத்தனை பக்கம் காலி, இங்கே தீர்ந்துபோனா அடுத்து எங்கே கேட்கணும், ஒரு நோடுல இருக்கிற பக்கத்தை இன்னொண்ணுக்கு எப்படி மாத்துறது, இந்தப் புரோகிராம் இந்த நோடை மட்டும்தான் தொடலாம்னு எப்படிக் கட்டுப்படுத்துறது... இதெல்லாம். "நோடு 0-ல எப்பவும் மெமரி இருக்கும்"னோ, "நோடு எண்கள் வரிசையா விட்டுப்போகாம இருக்கும்"னோ யாராவது அசால்டா எழுதி வெச்சிருந்தா, ஒரே நோடு இருக்கிற கணினியில அது ஜென்மத்துக்கும் வெளியே வராது. ஏதோ ஒரு பேங்கோட சர்வர்ல, நடுராத்திரியில வரும். சாக்பீஸ் கோடு இருந்தா உங்க வீட்டு மேசையிலயே வரும்.

அதாவது, ரெண்டு சாக்கெட் சர்வர் வாங்க வக்கில்லாத மாணவனோ, பொழுதுபோக்கா கெர்னல் நோண்டுற என்னை மாதிரி ஆளோ, மெமரி நிர்வாகத்துல கை வைக்கணும்னா இதுதான் வாசல். பெரிய கம்பெனியில வேலை பார்க்கிறவங்களுக்கு ஆய்வகம் நிறைய நிஜ நோடு இருக்கு. இந்த வாசல் சாத்திக்கிட்டா அவங்களுக்கு நஷ்டம் கம்மி. நமக்குத்தான் முழு நஷ்டம்.

அதுவும் போக, "பிழை தேட மட்டும்தான்"கிறது வரலாற்றுப்படியும் சரியில்லை. 2007-ல இந்தப் போலி நோடுகளை வேற வேற அளவுல வெட்டிக்கிற வசதி வந்துச்சு. "நாலு நோடு, ஒவ்வொண்ணும் 512 எம்பி"ன்னெல்லாம் 2010 வரைக்கும் கேட்க முடிஞ்சது. எதுக்குன்னு நினைக்கிறீங்க? ஒரே மெஷின்ல ஓடுற பல வேலைகளுக்கு மெமரியைப் பங்கு போட. சிபியூசெட்னு ஒரு வசதி கெர்னல்ல ஏற்கெனவே இருந்துச்சு, ஒரு கும்பல் புரோகிராம்களை இன்னின்ன நோடுக்குள்ளதான் இருக்கணும்னு கட்டிப்போடுறதுக்கு. போலி நோடுகளை வெட்டி அதோட சேர்த்துட்டா, மெமரிக்கு ரேஷன் கார்டு ரெடி. இதுக்குன்னே ஒரு ஆவணம் கெர்னலோட வருது, இன்னமும் இருக்கு. 2008-ல 2.6.25 கெர்னல்ல மெமரி கன்ட்ரோலர்னு முறையான ஏற்பாடு வந்தப்புறம்தான் இந்தக் குறுக்கு வழிக்குத் தேவை குறைஞ்சது. போலின்னு பேர் வெச்ச பொருள், நிஜமா ரேஷன் கடை நடத்தின காலம் அது!

சரி, ரிப்பேர் விஷயத்துக்கு வர்றேன்.

என் கருத்துப்படி போலி நோடைச் சரி பண்றதுக்கு நல்ல வழி ஒண்ணுதான். போலி எங்கே உருவாகுதோ அந்த ஒரே இடத்துல உண்மைபோலவே முழுசா உருவாக்கிடணும். அதுக்குக் கீழே இருக்கிற யாருக்கும் இது போலின்னு தெரியவே கூடாது. மெமரி ஒதுக்குற கோடுல ஒரு "போலியா இருந்தா இப்படி", ஷெட்யூலர்ல ஒரு "போலியா இருந்தா அப்படி"ன்னு ஒட்டுப் போட ஆரம்பிச்சா, அப்புறம் நீங்க சோதிக்கிறது நிஜ நூமா கோடையே இல்லை, அந்த ஒட்டுகளைத்தான்.

2011-ல x86 பக்கம் நடந்த பெரிய சீரமைப்பு இந்த வழியிலதான் போச்சு. முதல்ல நிஜ நோடுகளோட பட்டியலைத் தயார் பண்றாங்க. பிறகு அந்தப் பட்டியலையே வாங்கி, வெட்டி, அதே வடிவத்துல இன்னொரு பட்டியலாத் திருப்பிக் கொடுக்குது போலி நூமா. தூர அட்டவணையும் அப்படித்தான். ஒவ்வொரு போலி நோடும் எந்த நிஜ நோடுல இருந்து வெட்டினதுன்னு குறிச்சு வெச்சுக்கிட்டு, அந்த நிஜத் தூரத்தையே நகல் எடுக்கும். வேணும்னா நீங்களே தூரங்களை எழுதியும் கொடுக்கலாம். படிச்சுப் பார்த்தா சுகமா இருக்கிற கோடு அது.

ஆனா அந்தக் குறிப்பேட்டுலயே பிழை வந்தா? 2018-ல ஒண்ணைச் சரி பண்ணினாங்க. எந்தப் போலி எந்த நிஜத்தோடதுங்கிற கணக்கு சில சமயம் தப்பி, தூர அட்டவணையில தப்பான எண் ஏறிடும். கவனிங்க, மெஷின் நிற்காது. எல்லாம் ஓடும். எண் மட்டும் தப்பு. "போலிதானே, எண் எப்படி இருந்தா என்ன"ன்னு நினைச்சா இந்தப் பிழை எத்தனை வருஷம் வேணும்னாலும் உள்ளே படுத்துத் தூங்கும். அந்த எண்ணை நம்பி எழுதின கோடு சரியா தப்பான்னு உங்களால சொல்லவே முடியாது.

அடுத்தது 2025 தொடக்கத்துல நடந்தது. எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச உதாரணம்.

இப்போ வர்ற சில மெஷின்கள்ல, பூட் ஆகும்போது இல்லாத மெமரி பின்னாடி வந்து சேரும். என்விடியாவோட கிரேஸ் ஹாப்பர்ல ஜிபியூவோட மெமரியே ஒரு நூமா நோடாத் தெரியும். சிஎக்ஸ்எல் மெமரியையும் டிரைவர் பிறகு கொண்டுவந்து தனி நோடா சேர்க்க முடியும். ஃபர்ம்வேர் முன்கூட்டியே "இவங்கெல்லாம் வருவாங்க"ன்னு பட்டியல்ல இடம் போட்டு வெச்சிருக்கும். ரயில்ல ரிசர்வேஷன் சார்ட் மாதிரி. அடுத்த ஸ்டேஷன்ல ஏறப்போறவங்க பேரும் அதுல இருக்கும், சீட் மட்டும் காலியா இருக்கும்.

போலி நூமா என்ன பண்ணுச்சுன்னா, புது சார்ட் அடிக்கும்போது இப்போ உட்கார்ந்திருக்கிறவங்களை மட்டும் எண்ணிட்டு, ஏறப்போறவங்க பேரை விட்டுடுச்சு. பின்னாடி டிரைவர் மெமரியைக் கூட்டிட்டு வந்தா, "இந்த நோடு வரலாம்னு என் பட்டியல்லயே இல்லையே"ன்னு கெர்னல் எச்சரிக்கை கொடுத்துட்டுக் கதவைச் சாத்திடும்.

இதுக்கு வந்த பேட்ச் நல்ல பேட்ச். எங்கேயும் ஒட்டுப் போடலை. ஃபர்ம்வேர் எண்ணுக்கும் கெர்னல் நோடு எண்ணுக்கும் நடுவுல இருக்கிற அட்டவணையையே திருத்துது. போலி நோடுகள் 0, 1, 2, 3-ன்னு எடுத்துக்கிட்டா, பின்னாடி வரப்போறவங்களுக்கு அதுக்கு மேல எண் கொடுத்துடுது. ரெண்டு பேருக்கு ஒரே சீட் கிடையாது. நான் மேலே சொன்ன "ஒரே இடத்துல சரி பண்ணு" கொள்கைப்படி இது முழு மார்க்.

ஆனா பாருங்க, அந்தப் பேட்ச் வந்து சில வாரத்துக்குள்ள இன்னொரு பேட்ச் வர வேண்டியதாச்சு. ஏன்னா நூமா ஆதரவு இல்லாத மெய்நிகர் கணினிகள்ல, சாதாரண லேப்டாப் பலதுல, ஃபர்ம்வேர் அந்தப் பட்டியலையே கொடுக்கிறது இல்லை. எஸ்ராட்னு பேர் அந்தப் பட்டியலுக்கு. ரிசர்வேஷனே இல்லாத பாசஞ்சர் வண்டி அது. புதுக் கோடு அங்கேயும் போய் "சார்ட் எங்கே?"ன்னு கேட்டுச்சு. இல்லைன்னதும் பிழைன்னு திருப்பி அனுப்பிடுச்சு. விளைவு, போலி நூமா மொத்தமா ரத்து.

புரியுதுங்களா? கோடிக்கணக்குல விலை போற மெஷின்களுக்காகப் பண்ணின ரிப்பேர், எந்த ஏழைக்காக இந்த வசதி இருக்கோ அவனோட வண்டியை நிறுத்திடுச்சு. வேணும்னு யாரும் செய்யலை. கண்டுபிடிச்சதும் சுறுசுறுப்பா சரியும் பண்ணிட்டாங்க, பட்டியல் இல்லைன்னா அதைப் பிழையா எடுத்துக்காம வேலையை முடின்னு. ஆனா இது என் கட்சிக்குக் கிடைச்ச நல்ல சாட்சி. போலி நூமாவுல கை வைக்கிற எந்தப் பேட்சையும் முதல்ல சோதிக்க வேண்டிய இடம், ஆய்வகத்துல இருக்கிற ராட்சச மெஷின் இல்லை. ஒத்தை நோடு, எஸ்ராட் இல்லாத, சின்ன மெய்நிகர் கணினி. 2024-ல இந்தக் கோடை x86-ல இருந்து பொது மெமரி பகுதிக்கு நகர்த்தி, ஆர்ம், ரிஸ்க்-5க்கும் பயன்படுற மாதிரி பண்ணினப்புறம் இது இன்னும் முக்கியம். இப்போ ஒரு இடத்துல உடைஞ்சா பல வீட்டுல விளக்கு அணையும்.

இதுல என்னைப் பயமுறுத்துறது வேற ஒண்ணு. போலி நூமா தோத்துப்போனா கெர்னல் என்ன பண்ணும்னா, போலியை விட்டுட்டு இருக்கிற நிஜ நோடோட சமர்த்தா பூட் ஆகிடும். பொதுவா இது நல்ல குணம்தான். சர்வர் பூட் ஆகாம நிற்கிறதைவிட இது மேல். ஆனா சோதனைக் கருவிக்கு இது மகா கெட்ட குணம். நீங்க நாலு நோடுன்னு நினைச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க சோதனை ஓட்டுறீங்க. காலையில எல்லாம் பாஸ். நிஜத்துல ஓடினது ஒரே நோடு! தேர்வு எழுதாமலே சென்டம். கேட்ட நோடு எண்ணிக்கை கிடைக்கலைன்னா, கண்ணுல படாம விடவே முடியாத மாதிரி கெர்னல் கத்தணும்னு நான் சொல்வேன். அதுவரைக்கும், சோதனை ஸ்க்ரிப்டோட முதல் வேலையே "நூமாசிடிஎல்"லைக் கூப்பிட்டு நோடுகளை எண்ணுறதா இருக்கட்டும்.

"குவெமுவுலயே போலி நோடு வெச்ச மெய்நிகர் கணினி கிடைக்குமே, கெர்னலுக்குள்ள இது எதுக்கு?"ன்னு கேட்கிறவங்க உண்டு. நியாயமான கேள்வி. குவெமு கொடுக்கிறது ஃபர்ம்வேர் பட்டியலோட சேர்ந்த முழுமையான வேஷம், சில சோதனைக்கு அதுதான் சரி. ஆனா மெய்நிகர் கணினிக்கு வெளியே, கையில இருக்கிற நிஜ ஹார்டுவேர் மேல, அதோட நிஜ டிரைவர்களோட சோதிக்கணும்னா? பழைய லேப்டாப்பை எடுத்து, கட்டளை வரியில ஒரு வார்த்தை சேர்த்து, ரீபூட் பண்ணினா வேலை முடிஞ்சது.

போலியால முடியாததையும் சொல்லிடணும், இல்லைன்னா பின்னூட்டத்துல யாராவது காதைத் திருகிடுவாங்க. நேரத்தை அதால போலி பண்ண முடியாது. தூரம் 20-ன்னு எழுதினா மெமரி மெதுவாகிடாது, அடுக்களை ஒண்ணுதான். அதனால "போலி நூமாவுல என் பேட்ச் இத்தனை சதவீதம் வேகம்"னு யாராவது வந்தா, ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிடுங்க. இன்னொண்ணு, ஒரே ப்ராசஸர் பல போலி நோடுகளோட பட்டியல்ல ஒரே சமயத்துல தலைகாட்டும். நிஜத்துல ஒரு ப்ராசஸர் ஒரு நோடுக்குத்தான் சொந்தம். அந்த வித்தியாசம் தெரியாம ஷெட்யூலர் பத்தி முடிவுக்கு வந்துடாதீங்க.

முயற்சி பண்ணிப் பார்க்கிறவங்களுக்கு: உங்க கெர்னல்ல "நூமா எமு" இருக்கான்னு பூட் அடைவுல இருக்கிற கான்ஃபிக் கோப்புல தேடிப் பாருங்க. ஒரு போலி நோடு 32 எம்பிக்குக் குறைவா இருக்க முடியாது, அதனால ரொம்பப் பேராசை வேணாம். எண்ணோட கடைசியில "யு" சேர்த்தா, ஒவ்வொரு நிஜ நோடையும் தனித்தனியா அத்தனை பங்காச் சமமா வெட்டும். இதுவும் 2018-ல வந்ததுதான். எத்தனை நோடு கிடைச்சதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க, கேட்டதும் கிடைச்சதும் வேற வேறயா இருந்தா கண்டிப்பா சொல்லுங்க.