ரீஸ்டார்ட் என்னும் மூடநம்பிக்கை

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" வெப் ஆப் ஊர்கிறதா, 502 வருகிறதா, லாகின் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கிறதா, எதுவானாலும் முதல் கேள்வி இதுதான். பெரும்பாலான ஆபீஸ்களில் கடைசிக் கேள்வியும் இதுதான். யாரோ ஒருவர் பொத்தானை அமுக்குகிறார், பக்கம் திறக்கிறது, கஸ்டமருக்கு மெயில் போகிறது, விஷயம் முடிந்தது. அடுத்த வாரம் அதே கோளாறு வந்தால் மறுபடியும் அதே பொத்தான். வேலைக்குப் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இதையே அனுபவஞானம் என்று சீனியர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இதை மூடநம்பிக்கை என்றே சொல்வேன். கிளவுடில் ஓடும் பைத்தான் ஆப் படுத்துக்கொள்ளும்போது காரணம் தெரியாமல் செய்யும் ரீஸ்டார்ட் கோளாறைத் தொடுவதே இல்லை. கோளாறு எங்கே என்று காட்டக்கூடிய முக்கியச் சாட்சியான அந்த ப்ராசஸைத்தான் அது கொல்கிறது.

நம்பிக்கைக்கு ஒரு நியாயமான தொடக்கம் உண்டு, அதை மறுக்கவில்லை. பைத்தான் ஒரு மாட்யூலை ஒரு முறைதான் இம்போர்ட் செய்யும். பிறகு அந்த ப்ராசஸ் உயிரோடு இருக்கும்வரை மெமரியில் உள்ள பழைய கோடுதான் ஓடும். ஃபைலைத் திருத்தி சேவ் செய்தால் மட்டும் போதாது. பைத்தான்எனிவேர் தளத்தில் முதன்முதலாக ஜாங்கோ ஆப் போடுகிற மாணவர், வெப் பக்கத்தில் உள்ள ரீலோட் பொத்தானை அழுத்தினால்தான் தன் திருத்தம் தெரியும் என்பதை அங்கேதான் கற்றுக்கொள்கிறார். அது சரியான பாடம். ஆனால் "புதுக் கோடு ஏற ரீலோட் வேண்டும்" என்ற அந்தப் பாடம் நாளடைவில் "எது வந்தாலும் ரீலோட்" என்று திரிந்துவிடுகிறது. அதே பக்கத்தில் எரர் லாகுக்கும் இணைப்பு இருக்கிறது. கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்தால் எந்த மாட்யூல் கிடைக்கவில்லை, எந்த விர்ச்சுவல் என்வைரன்மென்ட் தவறாகச் சுட்டப்பட்டிருக்கிறது என்று அது சொல்லிவிடும். பொத்தானை அமுக்கியவர்களில் எத்தனை பேர் அந்த இணைப்பைத் திறந்தார்கள்?

ஒரு கோளாறைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஃபிளாஸ்க்கில் எழுதிய ஒரு ஆப், ஹெரோக்கு கிளவுடில் ஓடுகிறது. முன்னால் குனிகார்ன் என்ற வெப் சர்வர், அதில் நான்கு சிங்க் வொர்க்கர்கள். அதாவது ஒரே நேரத்தில் நான்கு பேரைத்தான் கவனிக்க முடியும். லாகின் செய்பவருக்கு ஓடிபி அனுப்ப, வெளியே உள்ள ஒரு எஸ்எம்எஸ் நிறுவனத்தை ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி வழியாகக் கூப்பிடுகிறது. அந்த அழைப்பில் டைம்அவுட் எழுதவில்லை. நாமாக எழுதாவிட்டால் ரிக்வெஸ்ட்ஸ் எவ்வளவு நேரமானாலும் காத்துக்கொண்டே இருக்கும்; இயல்பான வரம்பு என்று அதற்கு ஒன்றும் கிடையாது. ஒரு மாலையில் எஸ்எம்எஸ் நிறுவனத்தின் சர்வர் மந்தமாகிறது. நான்கு பேர் லாகின் செய்கிறார்கள், நான்கு வொர்க்கர்களும் பதிலுக்காக வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. ஐந்தாவதாக வந்தவர் ஓடிபி கேட்கவே இல்லை, விலைப்பட்டியலைப் பார்க்க வந்தார். அவருக்கும் பக்கம் திறக்காது. 30 நொடி ஆனதும் ஹெரோக்குவின் ரூட்டர் ஹெச்12 என்ற பிழைக்குறியை லாகில் எழுதிவிட்டுக் கைவிடுகிறது. குனிகார்னின் இயல்பான வரம்பும் 30 நொடிதான். அது "வொர்க்கர் டைம்அவுட்" என்று எழுதி அந்த வொர்க்கரைக் கொன்று புதிதாக ஒன்றை எழுப்புகிறது. புதியதும் அதே வாசலில் போய் நிற்கிறது.

இப்போது ஒருவர் ரீஸ்டார்ட் செய்கிறார். அதே நேரத்தில் எஸ்எம்எஸ் நிறுவனம் தானாகவே சரியாகிவிட்டது. ஆப் ஓடுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் அறிக்கையில் காக்கைக்குத்தான் பாராட்டு. பழம் ஏன் விழுந்தது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

விடை லாகிலேயே இருந்தது என்பதுதான் இதில் வயிறெரிய வைக்கும் விஷயம். "வொர்க்கர் டைம்அவுட்" வரிக்குக் கீழே பல நேரங்களில் ஒரு முழு ட்ரேஸ்பேக் விழுந்திருக்கும். அதன் அடிப்பகுதியில் பைத்தானின் சாக்கெட், எஸ்எஸ்எல் ஃபைல்கள் இருக்கும். வலை வழியாக வெளியிலிருந்து பதில் வரக் காத்திருந்தது என்பதற்கு அதுவே வாக்குமூலம். அங்கிருந்து மேலே ஏறிக்கொண்டே போனால், லைப்ரரி ஃபைல்களைத் தாண்டியதும் நம் கையால் எழுதிய ஃபைலின் பெயரும் வரி எண்ணும் வரும். அந்த வரியில் இணைப்புக்கு 3 நொடி, பதிலுக்கு 10 நொடி என்று டைம்அவுட் கொடுத்து, அதற்குமேல் ஆனால் "ஓடிபி அனுப்ப இயலவில்லை" என்று பயனருக்குச் சொன்னால் விலைப்பட்டியல் பார்க்க வந்தவருக்கு எந்தத் தொல்லையும் இருந்திருக்காது. ஒரு வரித் திருத்தம். அதைக் கண்டுபிடிக்காமல் மாதக்கணக்கில் ரீஸ்டார்ட் செய்துகொண்டிருக்கும் குழுக்கள் இருக்கின்றன.

மெமரிக் கசிவில் இந்த நம்பிக்கை இன்னும் ஆழமாக வேர்விடுகிறது, ஏனென்றால் அங்கே ரீஸ்டார்ட் உண்மையிலேயே கொஞ்ச நேரம் வேலை செய்யும். மாட்யூலின் மேல்மட்டத்தில் யாரோ ஒரு டிக்ஷனரியை கேஷாக வைத்தார்கள். சேர்ப்பதற்கு வரி எழுதினார்கள், நீக்குவதற்கு எழுதவில்லை. டைனோ எனப்படும் ஹெரோக்கு கன்டெய்னரில், 512 எம்பிக்குள், அது பெருத்துக்கொண்டே போகும். அளவைத் தாண்டியதும் ஹெரோக்கு ஆர்14 என்று எச்சரிக்கும். ஆப் ஸ்வாப்பில் விழுந்து நடைபிணமாகும். கன்டெய்னர்கள் ஓடும் வேறு இடங்களில் லினக்ஸ் கெர்னலே அதைக் கொன்றுவிடும், 137 என்ற வெளியேறும் எண்தான் மிஞ்சும். 128-உடன் கொல்லும் சிக்னலின் எண்ணான 9-ஐக் கூட்டினால் 137. அந்த எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் மெமரியைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆனால் பெரும்பாலோர் செய்வது என்ன? கிரானில் தினமும் அதிகாலை மூன்று மணிக்கு ரீஸ்டார்ட் என்று ஒரு வரி. நான் அறிந்த ஒரு நிறுவனத்தில் அந்த வரியை எழுதியவர் வேலையை விட்டுப் போய், அடுத்தவரும் போய், ஏன் அது இருக்கிறது என்று சொல்ல ஆளே இல்லாமல் அந்த வரி மட்டும் இருந்தது. பயனர்கள் கூடக்கூட மூன்று மணி வரை தாங்காமல் மதியமே ஆப் விழத் தொடங்கியது. உடனே மதியத்துக்கும் ஒரு வரி சேர்த்தார்கள். டிரேஸ்மலாக் என்ற மாட்யூல் பைத்தான் 3.4 முதல் மொழியோடே வருகிறது. இடைவெளி விட்டு இரண்டு முறை படம் பிடித்து ஒப்பிட்டால், எந்த ஃபைலின் எந்த வரி மெமரியைத் தின்கிறது என்று வரிசைப்படுத்தித் தரும். அதை ஒரு மாலையில் ஓட்டிப் பார்த்திருந்தால் கிரானுக்கு வேலையே இருந்திருக்காது.

"விழுவதற்குள் ரீஸ்டார்ட் செய்துவிட்டால் போகிறது" என்பவர்களுக்கு 1991 பிப்ரவரி 25-ஐ நினைவுபடுத்த வேண்டும். சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்க ராணுவத்தின் பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு 100 மணி நேரத்துக்கும் மேலாக நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. நொடியில் பத்தில் ஒரு பங்காக நேரத்தை எண்ணி, அதை 24 பிட் இடத்தில் மாற்றிக் கணக்கிடும்போது துளித்துளியாகப் பிழை சேர்ந்தது. இடையில் ரீஸ்டார்ட் செய்யாததால், 100 மணி நேரத்தில் அது நொடியில் மூன்றில் ஒரு பங்காக வளர்ந்துவிட்டது. வந்த ஸ்கட் ஏவுகணையை அமைப்பு தவறான இடத்தில் தேடியது. படை முகாமில் 28 பேர் இறந்தார்கள். கோளாறு முன்பே தெரியும். நீண்ட நேரம் தொடர்ந்து ஓட்டினால் குறி பிசகும் என்று பிப்ரவரி 21 அன்றே எச்சரிக்கை போயிருந்தது. நீண்ட நேரம் என்றால் எத்தனை மணி என்று அதில் சொல்லவில்லை. திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது பிப்ரவரி 26. நம் ஆப்பில் உயிர் போகாது என்று சொல்லலாம். ஆனால் ரீஸ்டார்ட்டை நம்பியிருக்கும் ஒரு அமைப்பின் பாதுகாப்பு, யாரோ ஒருவர் நேரத்துக்கு அதைச் செய்வார் என்ற எதிர்பார்ப்பில்தான் தொங்குகிறது என்பது எல்லா அமைப்புக்கும் ஒன்றுதான்.

சும்மா ஒரு ரீஸ்டார்ட், அதில் என்ன நஷ்டம் என்ற கேள்வியும் வரும். நிறைய நஷ்டம். ஹெரோக்கு தன்னிடம் வைத்திருப்பது கடைசி 1,500 லாக் வரிகளை மட்டும். வேறெங்கும் சேமிக்க ஏற்பாடு செய்யாதவர் நாலு தடவை ரீஸ்டார்ட் செய்து, ஒவ்வொரு முறையும் ஆப் கிளம்பும்போது கொட்டும் வரிகளையும் சேர்த்தால், கோளாறு நடந்த நேரத்து வரிகள் வெளியே தள்ளப்பட்டுவிடும். டைனோவின் டிஸ்க்கும் நிலையற்றது: அங்கே எழுதிய லாக் ஃபைல், பயனர் ஏற்றிய புகைப்படம், தெரியாத்தனமாக அங்கேயே வைத்த எஸ்க்யூலைட் டேட்டாபேஸ், எல்லாம் ரீஸ்டார்ட்டோடு போய்விடும். நடுவழியில் இருக்கும் ரிக்வெஸ்ட்டுகளுக்கு முடித்துக்கொள்ள 30 நொடி அவகாசம் உண்டு, அதற்குப்பின் கொலைதான். பணம் பிடிக்கப்பட்டு ஆர்டர் பதிவாகாமல் தவிக்கும் கஸ்டமர்களில் சிலர் இப்படி உருவானவர்கள்.

ரீஸ்டார்ட் பலிக்கவில்லை என்றால் அடுத்த படி, "மொத்தமா மறுபடி டிப்ளாய் பண்ணு." இது இன்னும் ஆபத்து. 2023 செப்டம்பர் இறுதியில் வெர்க்ஸோய்க் லைப்ரரியின் 3.0 பதிப்பு வந்தது, ஃபிளாஸ்க் 2.2 இம்போர்ட் செய்துகொண்டிருந்த ஒரு ஃபங்ஷன் அதில் நீக்கப்பட்டிருந்தது. ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் ஃபிளாஸ்க்கின் பதிப்பை மட்டும் குறிப்பிட்டு வெர்க்ஸோய்க்கை விட்டுவைத்தவர்களுக்கு, ஓடிக்கொண்டிருந்த ஆப் ஓடிக்கொண்டே இருந்தது. புதிதாக பில்ட் செய்தவர்களுக்கோ ஒரு வரி கோடுகூட மாறாமல் ஆப் கிளம்ப மறுத்தது. சின்னக் கோளாறைத் தீர்க்க டிப்ளாய் செய்தவர் இப்போது இரண்டு கோளாறுகளோடு உட்கார்ந்திருப்பார், எது எதனால் வந்தது என்றும் பிரிக்க முடியாது.

எதிர்த் தரப்பில் கனமான பெயர்கள் உண்டு. டேண்டம் நிறுவனத்தில் இருந்த ஜிம் கிரே 1985-லேயே, மென்பொருள் பிழைகளில் பல நிலையற்றவை, மறுபடி ஓட்டினால் வராது என்று எழுதினார். எர்லாங் மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோ ஆர்ம்ஸ்ட்ராங், விழுகிறது விழட்டும், மேற்பார்வை செய்யும் ப்ராசஸ் அதை மறுபடி எழுப்பட்டும் என்ற கொள்கையின் மேல் தொலைபேசி அமைப்புகளையே கட்டிக்காட்டினார். இதைக் காட்டி ரீஸ்டார்ட்டுக்கு நியாயம் சொல்பவர்கள் எர்லாங்கை முழுதாகப் படிக்கவில்லை. அங்கே ஒவ்வொரு விழுகைக்கும் அறிக்கை எழுதப்படும். குறிப்பிட்ட நொடிகளுக்குள் இத்தனை முறைக்குமேல் எழுப்பக் கூடாது என்று வரம்பும் உண்டு. தாண்டினால் மேற்பார்வை ப்ராசஸே விழுந்து, பிரச்சினையைத் தனக்கு மேலே உள்ளவரிடம் ஒப்படைக்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுப்பிக்கொண்டே இருக்கலாம் என்ற பேச்சு அங்கே கிடையாது. குனிகார்னிலும் இத்தனை ரிக்வெஸ்ட்டுக்குப் பின் வொர்க்கரை மாற்று என்று ஒரு அமைப்பு இருக்கிறது. மெமரிக் கசிவின் சேதத்தை மட்டுப்படுத்தத்தான் அது என்று அதன் ஆவணமே சொல்கிறது. கசிவு நிற்கும் என்று சொல்லவில்லை.

கஸ்டமர் கத்திக்கொண்டிருக்கும்போது ஆராய்ச்சி செய்ய முடியுமா என்பது அடுத்த வாதம். யாரும் ஆராய்ச்சி செய்யச் சொல்லவில்லை. கையை அந்தப் பொத்தானில் வைக்குமுன் இரண்டு நிமிடம் போதும். லாகில் உள்ள கடைசிச் சில நூறு வரிகளை வேறிடத்தில் நகல் எடுங்கள். சொந்த சர்வரிலோ விர்ச்சுவல் மெஷினிலோ ஓடுகிறதென்றால் பை-ஸ்பை கருவியை ப்ராசஸ் எண்ணோடு கூப்பிட்டால், ஆப்பை ரீஸ்டார்ட் செய்யாமலே ஒவ்வொரு த்ரெட்டும் இந்த நொடியில் எந்த வரியில் நிற்கிறது என்று அச்சிட்டுத் தரும். போஸ்ட்கிரெஸ்ஸில் யார் யார் என்ன குவெரியோடு இருக்கிறார்கள் என்ற பட்டியலை எடுங்கள். ட்ரான்சாக்‌ஷனைத் திறந்துவிட்டு மூடாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு இணைப்பு அதில் கண்ணில் படும். மற்ற குவெரிகளைக் காக்கவைக்கும் பூட்டைப் பிடித்துவைத்திருப்பது பெரும்பாலும் அதுதான். நான்கு சர்வர்கள் இருந்தால் மூன்றை ரீஸ்டார்ட் செய்யுங்கள், ஒன்றை லோட் பேலன்சரிலிருந்து கழற்றி அப்படியே விட்டுவையுங்கள், காலையில் வந்து நிதானமாகப் பார்க்கலாம். இதற்குப் பிறகு தாராளமாக அந்தப் பொத்தானை அமுக்கலாம்.

இதையெல்லாம் இரவு ஷிஃப்டில் உட்கார்ந்திருக்கும் இளைஞரின் தலையில் கட்டிவிட்டு நகர்ந்துவிட முடியாது. சென்னை ஓஎம்ஆரில் தொடங்கி எங்கெல்லாம் சப்போர்ட் வேலை நடக்கிறதோ அங்கெல்லாம் நான் காணும் ஏற்பாடு இது: முதல்நிலை சப்போர்ட்டில் உள்ள எல்-1 ஆளுக்கு ரீஸ்டார்ட் செய்ய அனுமதி உண்டு, ப்ரொடக்‌ஷன் லாகைத் திறக்க அனுமதி இல்லை. டிக்கெட்டை எத்தனை நிமிடத்தில் மூடினார் என்பதை வைத்து அவருக்கு ரேட்டிங். அவர் வேறென்ன செய்வார்? கேட்டால் பாதுகாப்பு என்கிறார்கள். கஸ்டமரின் போன் எண்ணும் ஓடிபியும் லாகில் விழுகிறது என்றால், அவற்றை லாகில் எழுதும் கோடைத் திருத்த வேண்டும். படிக்க வேண்டியவரின் கண்ணைக் கட்டக் கூடாது. மேனேஜர்களிடம் கேட்பது இரண்டுதான். ரீஸ்டார்ட் செய்யும் உரிமை யாருக்கு உண்டோ அவருக்கு லாகைப் படிக்கும் உரிமையும் கொடுங்கள். "சர்வீஸ் ரீஸ்டார்ட் செய்யப்பட்டது" என்று மட்டும் எழுதிய டிக்கெட்டை மூட விடாதீர்கள்; ட்ரேஸ்பேக் இணைக்கப்பட்டு, காரணம் எழுதப்பட்டு, கோடு எழுதிய குழுவில் ஒருவர் பெயர் அதில் ஏறும்வரை அது திறந்தே இருக்கட்டும்.