மாடல் யு.என்.: இங்கிலீஷ் தெரிந்தால்தான் தூதரா?

காலேஜ் பசங்களின் இன்ஸ்டா பயோவில் ‘எம்.யு.என். டெலிகேட்’ என்று பார்த்திருப்பீர்கள். கோட் சூட், முன்னால் நாட்டின் பெயர்ப் பலகை, வார இறுதி முழுக்க விவாதம். ‘வசதியான பிள்ளைங்க விளையாட்டு’ என்று கடந்து போகிறவர்களும் உண்டு. ஆனா, இது எல்லா மாணவர்களுக்கும் கிடைக்க வேண்டிய ஒரு பயிற்சி. ஏன்?

மாடல் யு.என். என்றால் என்ன?

ஐ.நா. சபையின் மாணவர் ஒத்திகை. ஒவ்வொருவருக்கும் ஒரு நாடு ஒதுக்குவார்கள். அந்த நாட்டின் தூதராகத்தான் பேச வேண்டும். சொந்தக் கருத்துக்கு இடமில்லை. ஐ.நா. பிறப்பதற்கு முன்பே, 1920-களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ‘லீக் ஆஃப் நேஷன்ஸ்’ அமைப்பின் மாதிரிக் கூட்டங்கள் நடந்திருக்கின்றன. ஹார்வர்டின் புகழ்பெற்ற மாநாடு 1955-ல் தொடங்கியது.

பட்டிமன்றத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

பட்டிமன்றத்தில் எதிரணியை மடக்கினால் கைதட்டல். இங்கே அந்த எதிரணியின் ஓட்டும் உங்களுக்கு வேணும். பாதுகாப்பு கவுன்சிலில் 15 நாடுகள். தீர்மானம் நிறைவேற 9 ஓட்டு தேவை. அது கிடைத்தாலும், முக்கிய விவகாரங்களில் நிரந்தர உறுப்பு நாடுகள் ஐந்தில் ஒன்று வீட்டோ போட்டால் கதை முடிந்தது. அதனால், மேடைப் பேச்சைவிட இடைவேளையில் நடக்கிற பேரம்தான் முக்கியம். ‘கண்டிக்கிறது’ என்பதை ‘கவலை தெரிவிக்கிறது’ என்று மாற்றினால் யார் நம் பக்கம் வருவார்கள், யார் கழன்றுகொள்வார்கள் என்று கணக்குப் போட வேண்டும்.

நமக்கு ஒப்பாத பக்கம் கிடைத்தால்?

அங்கேதான் பாடமே தொடங்குகிறது. மனித உரிமைகள் கவுன்சிலில் இலங்கை மீதான தீர்மானத்தை 2012-ல் இந்தியா ஆதரித்தது. 2021-ல் வந்த தீர்மானத்தில் ஓட்டுப் போடாமல் ஒதுங்கியது. அந்தத் தீர்மானம் 22 ஆதரவு, 11 எதிர்ப்பு என நிறைவேறியது. 14 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. இப்போது சென்னை மாணவி ஒருவருக்கு 2021 கூட்டத்தில் இந்தியாவின் இருக்கை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் கேட்டு வளர்ந்தது ஒன்று, அவையில் பேச வேண்டியது இன்னொன்று. பேசி முடித்தபிறகு அந்த நிலைப்பாட்டை அவர் ஏற்கணும்னு இல்லை. ஆனால், அரசாங்கம் எதையெல்லாம் எடைபோட்டது என்பது தெரிந்துவிடும். அப்புறம் எதிர்த்தாலும், விவரத்தோடு எதிர்க்கலாம்.

அப்போ சிக்கல் எங்கே?

பதிவுக் கட்டணம், கோட், பயணச் செலவு. இதையெல்லாம்விடப் பெரிய தடை மொழி. நம்மூர் மாநாடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. தமிழ்வழி மாணவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார்.

நிஜ ஐ.நா.வில் அலுவல் மொழிகளே ஆறு. அவற்றைத் தாண்டி வேறு மொழியிலும் பேசலாம், மொழிபெயர்ப்புக்கு ஏற்பாடு செய்துகொண்டால் போதும் என்கிறது பொதுச் சபையின் 53-வது விதி. 1977-ல் வெளியுறவு அமைச்சராக இருந்த வாஜ்பாய் அங்கே இந்தியில் பேசினார். நிஜ சபையிலேயே இல்லாத நிபந்தனை, மாதிரி சபைக்கு எதுக்கு?

என்ன செய்யலாம்?

ஒரு வகுப்பறை, அட்டையில் எழுதிய நாட்டுப் பெயர்கள், ஒரு சனிக்கிழமை. அரசுப் பள்ளியில் தமிழிலேயே தொடங்க இவ்வளவு போதும். மீனவர் பிரச்சினையையே முதல் தலைப்பாக வைக்கலாம். ராமேஸ்வரம் மாணவர் இலங்கையின் இருக்கையில் உட்காரட்டும். இழுவைமடி மீன்பிடிப்புக்கு 2017-ல் அந்த நாடு ஏன் தடை போட்டது, நம் படகுகளால் யாழ்ப்பாணத் தமிழ் மீனவரின் வலைக்கு என்ன ஆகிறது என்று அவரே எடுத்துச் சொல்லட்டும். எதிரே இந்தியாவாக உட்கார்ந்திருக்கும் வகுப்புத் தோழி, நம் மீனவர்களின் கைதையும் பறிபோன படகுகளையும் பற்றிக் கேட்கட்டும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடக்கூடிய ஒரு பக்கத் தீர்மானம் வந்தால், அந்தச் சனிக்கிழமை வீணாகவில்லை.