தாய்க்கும் பேர் போடுங்கள்

மொனராகலை இறப்பர் தோட்டங்களில் பிள்ளைக்கு மனநோய் வந்து, கசிப்புச் சாராயமோ 'ஐஸ்' போதைப்பொருளோ கூடச் சேர்ந்துகொண்டால், ஊர் முதலில் குறை சொல்வது பெற்றோரின் வளர்ப்பைத்தான். பெரிய அநியாயம் இது. லயத்து ஒற்றை அறையில் மகன் விடிய விடியச் சுவரோடு பேசுகிறான். தாய் கத்தியைத் துணிமூட்டைக்குள் ஒளித்துவிட்டுக் காலையில் பால் வெட்டப் போகிறாள். மகனைக் கிளினிக்குக் கூட்டிப்போனால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், இல்லை. போனாலும், மகனின் காதில் கேட்கும் குரல்களைப் பற்றிச் சிங்களத்தில் எப்படி விளக்குவாள்? 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' என்ற பொலிஸ் போதை ஒழிப்பு நடவடிக்கையோ போதைக்கு அடிமையானவர்களையும் பிடித்து அடைத்தது. அடைத்தால் தீராது: மனநோயும் போதையும் ஒன்றையொன்று வளர்ப்பவை. இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். அதோடு, தமிழ் தெரிந்த ஆலோசகர் மாதம் ஒருமுறையாவது தோட்டத்துக்கே வரட்டும். அன்றைக்கு அந்தத் தாய்க்கு நிர்வாகம் முழுப்பேர் போடட்டும்.