பவானிசாகரும் வெள்ளக் கணக்கும்

சென்னிமலைக் குடியானவருக்குக் கீழ்பவானி வாய்க்காலே ஜீவாதாரம். அதற்கு நீரளிப்பது 1955-ல் முடிவுற்ற பவானிசாகர் அணை. அதன் முழு மட்டம் 105 அடி. ஆயினும், அக்டோபர் முடியும் வரை 102 அடிக்கு மேல் தேக்கலாகாதென்பது விதி. அம்மூன்றடியில் சுமார் இரண்டரை டி.எம்.சி. அடங்கும். விநாடிக்கு 2,300 கன அடி ஓடும் வாய்க்காலுக்கு அது பன்னிரண்டு நாள் தண்ணீர். அதை ஆற்றில் விடுவானேன் என்று குடியானவர் கேட்பது நியாயமே.

மறுபக்கமும் உண்டு. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. அணைக்கு விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி வருமாயின், மதகைத் திறவாவிடில், அந்த மூன்றடியும் ஏழே மணி நேரத்தில் நிறைந்துவிடும். நிரம்பிய அணை வெள்ளத்தின் உச்சத்தைத் தணிக்காது. சத்தியமங்கலம் முதல் பவானி வரையுள்ள கரையோர ஜனங்களே அதைத் தாங்க நேரிடும்.

ஆகவே, தேதியை மாத்திரம் நம்பியிருத்தல் போதாது. மலையில் பெய்த மழை, பில்லூரில் திறந்த நீர், அது கீழே வந்துசேரும் நேரம் ஆகிய மூன்றையும் மணிதோறும் கணக்கிட்டு, வெள்ளத்துக்கு முன்னரே இடம் ஒழித்து, மழை ஓய்ந்ததும் நிரப்புவதே விவேகம். அக்கணக்கைச் சர்க்கார் ஜனங்கள் அறியப் பிரசுரித்தல் வேண்டும். தண்ணீர் பொதுச் சொத்தெனில், அதன் கணக்கும் பொதுவே.