பாலிசியில இருக்கறது யார் பேருங்க?

போன மாசம் கிணத்துக்கடவுல மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடிச்சு திண்ணையில உக்காந்ததும் மாமா ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார்.

"மாப்ள, கார் இன்சூரன்ஸ் வந்திருக்குது. டிரைவர் வெவரம் என்னமோ தப்பா விழுந்திருக்குதுன்னு தோணுது. கொஞ்சம் பாரு கண்ணு."

பார்த்தேன். கார் அத்தை பேரில் இருக்கிறது. (அத்தை பேர்ல எடுத்தா ராசியாம். நம்ம ஊர்ல பாதி கார் இப்படித்தான் வாங்கப்படுது.) அத்தைக்கு டிரைவிங் லைசென்ஸ் கிடையாது. அவங்க வாழ்நாளில் ஓட்டிய ஒரே வண்டி சைக்கிள். ஆனா பாலிசியில் 'ஓனர் டிரைவர் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு, 15 லட்சம்' என்று ஒரு வரி. அதுக்குத் தனியா பிரீமியமும் வாங்கியிருக்காங்க. அதுக்குக் கீழே நாமினி: மாமா பேர். உறவு: மகன். வயது: 24.

மாமாவுக்கு வயசு 58. மகன்னு போட்டிருக்கறதைப் பார்த்து அத்தை சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பார்த்தாங்க. ஆனா எனக்குச் சிரிப்பு வரலை. ஏன்னா தினமும் பொள்ளாச்சி ரோட்டுல காரை ஓட்டிட்டுப் போறது மாமா. தனக்கு ஏதாவது ஆச்சுன்னா அத்தைக்கு 15 லட்சம் வரும்னு மூணு வருசமா நம்பிட்டு இருக்கார்.

அந்த வரியில் இருந்து ஒத்தைப் பைசா வராது. வயசையும் உறவையும் திருத்தினாலும் வராது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்குவோம். இங்கிலாந்து மாதிரி நாடுகளில் யார் யார் வண்டி ஓட்டுவாங்கன்னு பேர் எழுதிக் கொடுத்து பாலிசி எடுப்பாங்க. பேர் இல்லாதவர் ஓட்டினா சிக்கல். நம்ம நாட்டுல வழக்கம் வேற. இங்கே காப்பீடு வண்டிக்கு. செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்கற யார் வேணா ஓட்டலாம்னு பாலிசியிலேயே எழுதியிருக்கும். அதனால 'என் தம்பி பேர் பாலிசியில இல்லையே, அவன் ஓட்டலாமா' என்று பயப்பட வேண்டியதில்லை. லைசென்ஸ் இருந்தா ஓட்டலாம். வண்டியில அடிபட்ட மூன்றாம் நபருக்கு நஷ்ட ஈடும் உண்டு. லைசென்ஸே இல்லாதவன் ஓட்டி இடிச்சாக்கூட, கம்பெனி முதல்ல பணத்தைக் கொடுத்துட்டு அப்புறம் வண்டி ஓனரிடம் வசூலிக்கலாம்னு உச்ச நீதிமன்றம் ஸ்வரண் சிங் வழக்கில் 2004-லேயே வழிகாட்டியிருக்கு.

அப்ப பேர், வயசு, லைசென்ஸ் எல்லாம் எங்கே உயிர் போற விஷயமா ஆகுது? அந்த ஓனர் டிரைவர் வரியிலதான். அதுக்கு மூணு நிபந்தனை. ஆர்சி புத்தகத்தில் ஓனரா இருக்கணும். பாலிசியும் அவர் பேரில் இருக்கணும். அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்கணும். மூணும் ஒரே ஆளாக இருக்கணும். ஓனருக்கு லைசென்ஸ் இல்லையா, அந்தக் காப்பீடு அவருக்குக் கட்டாயமே இல்லை. வண்டி மில் பேரிலோ கம்பெனி பேரிலோ இருக்கா, அப்பவும் பொருந்தாது. திருப்பூர் பனியன் கம்பெனி எந்த ஆர்டிஓ ஆபீஸில் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கும், சொல்லுங்க?

இந்தத் தொகை முன்னாடி காருக்கு 2 லட்சம், டூ வீலருக்கு 1 லட்சம்தான். சென்னை உயர் நீதிமன்றம் 2017-ல் சொன்ன பிறகு, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018 செப்டம்பரில் அதை 15 லட்சமா உயர்த்தியது. நம்ம மாநிலத்து நீதிமன்றம் வாங்கிக் கொடுத்த நல்ல காரியம். ஆனா அந்த 15 லட்சம் சரியான ஆளுக்குப் போய்ச் சேருதான்னு பார்க்கறது யாரு?

ஈரோட்டு வழக்கு ஒண்ணு பலருக்கு ஞாபகம் இருக்கும். கார் விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு ஈரோடு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் 2019-ல் 14 லட்சத்துக்கு மேல கொடுக்கச் சொன்னது. இன்சூரன்ஸ் கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. இது வெறும் மூன்றாம் நபர் பாலிசி, காருக்குள்ளே இருந்தவருக்குப் பொருந்தாதுன்னு வாதம். 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை ஏத்துக்கிட்டு தீர்ப்பாய உத்தரவை ரத்து செஞ்சது. அதே தீர்ப்புலதான் புது வண்டிகளுக்கு அஞ்சு வருசம் 'பம்பர் டு பம்பர்' கட்டாயம்னு சொல்லி நாடே பரபரப்பாச்சு. அடுத்த மாசமே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. எல்லாரும் பம்பரைப் பத்திப் பேசினோம். ஆனா நீதிபதி அதுக்கு முன்னாடி வருத்தப்பட்டுச் சொன்ன ஒரு விஷயத்தை யாரும் பேசலை. விக்கறவங்க பாலிசியில் என்ன இருக்குன்னு தெளிவாச் சொல்றதில்லை, வாங்கறவங்களும் அதைப் புரிஞ்சுக்க அக்கறை காட்டறதில்லை, இதுதான் அதன் சாரம்.

எனக்குக் கோவம் வர்ற இடம் இதுதான். சேஸிஸ் நம்பரில் ஒரு எழுத்து குறைஞ்சா பாலிசி போடறவங்க திரும்பக் கேட்கறாங்க. ஆனா 'அம்மாவுக்கு லைசென்ஸ் இருக்குதுங்களா' என்று ஒரே ஒரு கேள்வி? மூணு வருசத்தில் ஒருத்தரும் அத்தையிடம் கேட்கலை. கேட்டா அந்தப் பிரீமியம் குறையும். கேட்காம விட்டா பிரீமியம் வரும், கிளெய்ம் வந்தா 'லைசென்ஸ் இல்லையே' என்று மறுக்கவும் வழி இருக்கும். வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாத லைசென்ஸ், கொடுக்கும்போது மட்டும் எப்படிங்க தெரியுது?

அந்த ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். "அண்ணா, அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுங், ரினீவல்ல பாத்துக்கலாம்" என்றார். விபத்து ரினீவல் தேதி வரைக்கும் காத்திருக்குமாங்க?

'கையெழுத்துப் போட்டது நீங்கதானே, படிச்சுப் பார்த்திருக்கணும்' என்று சிலர் கிளம்புவாங்க. நியாயம்தான், பாதி நியாயம். இன்சூரன்ஸ் என்பதே ரெண்டு பக்கமும் முழு நம்பிக்கையோட செய்யற ஒப்பந்தம்னு பாடம் எடுப்பாங்க. ரெண்டு பக்கமும்னா ரெண்டு பக்கமும்தானே? ஒழுங்குமுறை ஆணையத்தின் 2002 விதிகளிலேயே இருந்தது: விண்ணப்பப் படிவம் இல்லாம வாய்வழியா விவரம் வாங்கினா, அதை எழுதி 15 நாளுக்குள்ள வாடிக்கையாளரிடம் உறுதிப்படுத்தணும். அப்படிப் பதிவு செய்யாத விவரத்தை மறைச்சுட்டார்னு கம்பெனி குற்றம் சொன்னா, நிரூபிக்கற பொறுப்பும் கம்பெனியோடது. எழுதினவங்க நல்லாத்தான் எழுதி வச்சாங்க. நடைமுறையில பாலிசி வாட்ஸப்பில் வருது, நாம கட்டைவிரல் பொம்மை ஒண்ணு அனுப்பறோம், அதோட உறுதிப்படுத்தியாச்சு.

நம்ம தப்பும் இருக்கு, மறைக்கலை. ஐநூறு ரூவா சேலை எடுக்க ஒப்பணக்கார வீதியில நாலு கடை ஏறி இறங்கறோம். பல ஆயிரம் கட்டி வாங்கின பாலிசியை ஒரு தடவை விரிச்சுப் பார்க்கறதில்லை.

சரி, தப்பா இருந்தா என்ன செய்யணும்? இதுக்குப் பேர் 'என்டார்ஸ்மென்ட்'. பழைய பாலிசியைக் கிழிச்சுப் போட வேண்டாம். திருத்தத்தைக் குறிச்சு ஒரு இணைப்புத் தாள் கொடுப்பாங்க, அதுவும் பாலிசியின் பகுதி. வாயால சொல்லாதீங்க. மெயிலிலோ கடிதத்திலோ பாலிசி நம்பர் போட்டு, எது தப்பு, எது சரி என்று ரெண்டு வரி எழுதி, ஆர்சி, லைசென்ஸ், அடையாள அட்டை நகல் வைத்து அனுப்புங்க. அனுப்பின தேதிக்கு அத்தாட்சி வச்சுக்குங்க. முக்கியமா, விபத்துக்கு முன்னாடி செய்யுங்க. நடந்த பிறகு போய்த் திருத்தக் கேட்டா எவனும் நம்ப மாட்டான், நம்ம பக்கம் உண்மையே இருந்தாலும்.

பழைய கார் வாங்கினவங்களுக்கு இது இன்னும் அவசரம். மோட்டார் வாகனச் சட்டம் 157-ஆம் பிரிவுப்படி, வண்டி கை மாறின 14 நாளுக்குள்ள இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி பேர் மாத்தணும். மூன்றாம் நபர் காப்பீடு தானா உங்ககிட்ட வந்துரும். ஆனா உங்க கார் நொறுங்கினா கிடைக்கற சொந்தச் சேதக் காப்பீடு அப்படித் தானா வராதுன்னு உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிருச்சு. வித்தவங்களும் நிம்மதியா இருக்க முடியாது. ஆர்சியில் யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர், அவர்தான் பொறுப்புன்னு நவீன் குமார் வழக்கில் 2018-ல் தீர்ப்பு வந்திருக்கு. நாலு கை மாறின வண்டியாச்சே என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

கம்பெனி இழுத்தடிச்சா அவங்க குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்க. அப்பவும் அசையலைன்னா ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்தில் புகார் பதியலாம், 155255-க்குக் கூப்பிடலாம். ஒரு மாசத்துல பதில் இல்லைன்னாலோ பதில் திருப்தி இல்லைன்னாலோ சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் இருக்கார். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

மாமா விஷயத்துக்கு வர்றேன். நான் எழுதிக் கொடுத்தேன், அத்தை கையெழுத்துப் போட்டாங்க. ஒன்பது நாள், நாலு போன், ஒரு நேர் விஜயம். ஓனர் டிரைவர் வரியை எடுத்துட்டு பாக்கி மாசத்துக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்தாங்க. மாமா பேரில் தனியா ஒரு விபத்துக் காப்பீட்டு பாலிசி எடுத்தாச்சு. அவர் எந்த வண்டியில போனாலும், நடந்து போனாலும் அது கூட வரும். பேங்கில் வருசம் 20 ரூவா பிடிச்சுக்கற பிரதம மந்திரி சுரக்‌ஷா திட்டத்திலும் சேர்த்து விட்டேன், விபத்து மரணத்துக்கு 2 லட்சம். போன மூணு வருசம் கட்டின பணம்? அதைக் கேட்டதுக்கு இன்னும் பதில் இல்லை. விடறதா இல்லை.

அந்த ஏஜென்ட் கடைசியா சொன்னது: "இதுக்குப் போயி இவ்ளோ மெனக்கெடறீங்களே அண்ணா, யாருமே இப்படிக் கேட்டதில்லீங்."

அதேதான் என் கவலையும். யாருமே கேட்கலைன்னா, அவர் கையால போட்ட பாலிசியில எத்தனை வீட்டுல ஓட்டறவர் ஒருத்தர், பேர் இன்னொருத்தர்னு இருக்கும்? இன்னிக்கு சாயங்காலம் உங்க பாலிசியை எடுங்க. ஓனர் யாரு, லைசென்ஸ் யாருக்கு, நாமினி யாரு, வயசு சரியா. நாலே கேள்வி, அஞ்சு நிமிசம்.

பி.கு: நாமினியில் 'மகன், வயது 24' என்று விழுந்ததை ஒரு பிரிண்ட் எடுத்து மாமா பத்திரமா வச்சிருக்கார். அறுபதாம் கல்யாணத்துக்கு ஃப்ரேம் போடப் போறாராம்.