சிம்லா வழியே ஏறுக

களமசேரியிலிருந்து ஸ்பிட்டி மலையேற்றத்துக்குத் திட்டமிடுவோர் முதலில் வெட்டுவது ஓய்வு நாள்களையே. விடுப்பு குறைவு, ஆகவே மணாலி வழி. ஏறத்தாழ 2,000 மீட்டரிலிருந்து புறப்பட்டு, 4,500 மீட்டரைத் தாண்டும் குன்சும் கணவாயைக் கடந்து, 3,650 மீட்டரிலுள்ள காசாவில் அன்றிரவே உறக்கம்! 3,000 மீட்டருக்கு மேல் உறங்குமிடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் உயர்த்துவதே மருத்துவ நெறி. கடல்மட்டத்தில் வாழ்ந்து பழகிய உடலுக்கு உகந்தது சிம்லா, கின்னௌர் வழி. கல்பாவில் ஓரிரவு, ஆயிரமாண்டு கடந்த புத்த மடாலயம் நிற்கும் தாபோவில் ஓரிரவு என்றால் ஏற்றம் அந்நெறிக்குள் அடங்கும். இந்தி தேய்ந்து, கின்னௌரி ஒலித்து, பின்னர் ஸ்பிட்டியின் திபெத்தியக் கிளைமொழி தொடங்குவதும் செவிக்குப் புலப்படும். லாங்சாவையும் கோமிக்கையும் கூடாரமடிக்கும் புள்ளிகளாக மட்டுமே காட்டும் பயணநிரலில் இதற்கு இடமேது? தலைவலியும் குமட்டலும் கண்டபின் மேலும் ஏறுவது வீரமன்று. கீழிறங்கித் தேற ஒரு நாளையேனும் ஒதுக்காத திட்டத்தை அடுத்த கோடைக்கு ஒத்திவைக்கலாம்.