தீர்ப்புக்குப் பின் திரட்டும் பணம்

கொழுந்துச் சம்பளத்தில் குடும்பத்தை நடத்த இயலாத நிர்ப்பந்தத்தால், பிள்ளைகளை அம்மாயியின் பொறுப்பில் லயத்தில் விட்டுவிட்டு, ஹட்டனிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் அரபு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகும் நம் பெண்களில் ஒருத்தி, எஜமானன் வீட்டுக் கொடுமை தாளாமல் வெளியேறிவிட்டால், அன்றே அவள் அந்நாட்டுச் சட்டத்தின்முன் குற்றவாளியாகிவிடுகிறாள். கஃபாலா என்னும் ஏற்பாட்டில் அவளுடைய குடியிருப்பு அனுமதி எஜமானனைச் சார்ந்தது. ஓடிப்போனாள் என்று அவன் ஒரு புகார் கொடுத்தால் போதும். ரியாத் நகரத்து நாடுகடத்தல் தடுப்பு நிலையத்தில் குறைந்தது 41 இலங்கைப் பெண்கள், அவர்களில் சிலர் பல மாதங்களாக, அடைபட்டிருந்ததைச் சர்வதேச மன்னிப்புச் சபை 2021 ஏப்ரலில் வெளிப்படுத்தியது.

மலையகத்துக்கு இந்த அநீதி புதிதன்று. தோட்டத்தை விட்டுப் போவதையே தண்டனைக்குரிய குற்றமாக்கிய 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நம் பாட்டன்மார் சிறை சென்றார்கள். அந்தத் தண்டனைப் பிரிவுகள் நீங்க 1920களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மூதூர் ரிசானா நபீக்கின் கதையை எத்தனை முறை சொன்னாலும் நெஞ்சு ஆறாது. சவூதி அரேபியாவுக்கு வீட்டு வேலைக்குப் போன, பிறப்புச் சான்றிதழின்படி பதினேழே வயதான அந்தப் பெண், 2005இல், தன் கையில் பால் குடித்த சிசு இறந்துபோன வழக்கில், சட்டத்தரணி எவரும் அருகில் இல்லாத நிலையில் கொடுத்ததாகச் சொல்லப்பட்டதும், பின்னர் அவளே மறுத்ததுமான வாக்குமூலத்தின் பேரில், 2007 ஜூன் 16ஆந் திகதி மரண தண்டனை பெற்றாள். மேன்முறையீட்டுக்கு ஒரு மாதமே அவகாசம். ஹாங்காங்கிலிருந்து ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழு பொதுமக்களிடம் பணம் திரட்டிச் சட்டத்தரணியை அமர்த்தியது. அந்தத் தர்மத்தை நான் கைகூப்பி வணங்குகிறேன். ஆயினும் அது தீர்ப்புக்குப் பின் வந்த பணம். விசாரணையின் முதல் வாரத்தில் ஒரு சட்டத்தரணியும் ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளரும் இருந்திருந்தால் அந்த வாக்குமூலமே எழுதப்பட்டிராது என்பது என் திடமான அபிப்பிராயம். 2013 ஜனவரி 9ஆந் திகதி அவள் சிரச்சேதம் செய்யப்பட்டாள்.

தக்க தருணத்தில் கிடைத்த சட்ட சகாயத்தின் வலிமையை இந்த மலைநாடே கண்டிருக்கிறது. மடுல்கலை ரெலுகாஸ் தோட்டத்தில் தொழில் பழக வந்து, தொழிலாளர் பக்கம் நின்று பேசிய பிரேஸ்கர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞரை 1937இல் ஆளுநர் நாடுகடத்த உத்தரவிட்டபோது, எச். வி. பெரேரா ஊதியம் பெறாமல் உயர் நீதிமன்றத்தில் வாதாடினார். மே 18ஆந் திகதி பிரேஸ்கர்டில் விடுதலையானார். நம் பெண்களுக்கோ, சிறைப்பட்ட தகவல் வந்ததும் வீட்டார் செய்யக்கூடியது, ஹட்டன் கடைவீதியில் தோட்டை அடகு வைத்துக் கொழும்புக்கு பஸ் ஏறி, கடவுச்சீட்டுப் பிரதியும் கிராம சேவகர் கடிதமும் வைத்த பிளாஸ்டிக் உறையோடு ஏஜென்சி வாசலில் நிற்பதுதான். "நாளைக்கு வாங்க" என்பார்கள்.

தோட்டத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பெட்டிக்கும் பந்தலுக்கும் யாரும் கடனுக்கு அலைவதில்லை. அன்று மாலைக்குள் மரண உதவிச் சங்கத்துப் பொருளாளர் பணத்தோடு வந்துவிடுகிறார். இறந்தவருக்காக மாதாமாதம் மனமொப்பிச் சேர்க்கும் நாம், உயிரோடு சிறையிருப்பவளுக்காகச் சேர்க்கலாகாதா? சங்கச் சந்தாவைப் போலவே, தொழிலாளியின் எழுத்துபூர்வமான சம்மதத்துடன், சட்ட உதவி நிதி ஒன்றுக்காக மாதம் பத்து ரூபாய் செக்ரோலில் பிடிக்கட்டும். ஆனால் அந்த நிதி எந்தத் தொழிற்சங்கத்தின் கொடியின்கீழும் இருக்கலாகாது. மாதர் சங்கத் தலைவிகளும் ஹட்டன், நுவரெலியா சட்டத்தரணிகளும் கூட்டாகக் கையொப்பமிடும் வங்கிக் கணக்கில் இருந்து, வரவுசெலவு பெரட்டுக்களத்தில் ஒட்டப்பட வேண்டும். கணக்குக் காட்டாத பணத்தால் நம் சனம் பட்டது போதும்.

இது அரசாங்கத்தின் கடமையல்லவா என்று கேட்பவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் புறப்படும் ஒவ்வொருவரிடமும் பதிவுக் கட்டணம் பெறுகிறது. அந்தப் பணத்தில் அவர்களுக்குச் சட்டத்தரணி அமர்த்தும்படி வற்புறுத்துவதும், மறுத்தால் இங்கேயே வழக்குத் தொடுப்பதும் இந்த நிதியின் முதல் வேலைகளில் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கும் பணம் வேண்டுமே! ஆகவே, இவ்வாண்டுத் திருவிழாவுக்காகக் கூடும் கோயில் கமிட்டிகள், வாணவேடிக்கைச் செலவைப் பேசுமுன், தங்கள் தோட்டத்திலிருந்து கடல் கடந்து போன பெண்களின் பெயரையும், கடைசியாகப் பேசிய திகதியையும், எஜமானனின் முகவரியையும் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கட்டும்.